ஒரு படிக்கு இரண்டு படி

வன்னியராஜ் பையை அவிழ்த்து முறத்தில் கொட்டியபோது ஞானம்பாளுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது.

இரண்டு படி ஆனைக்கொம்பன் நெல். வாங்கிப் போனது ஒரு படி, திருப்பியது இரண்டு. அவளுடைய விதைச் சங்கத்துக்கு இருந்த ஒரே விதி அதுதான்.

காலை எட்டு மணியிலிருந்து கல்லிடைக்குறிச்சியில் இந்த வாடகை அறையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிசானப் பருவத்து அறுவடை முடிந்து விதை திருப்பும் நாள். மாலை நாலு மணிவரை ஒருவரும் வரவில்லை.

ஐந்து மணிக்குச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டை பஸ்ஸைப் பிடிப்பதாக இருந்தாள். இனி இந்தப் பக்கம் வருவதாகவே இல்லை.

ஒரே ஒருவர் திருப்பினால் போதும், சாவி என்னிடமே இருக்கட்டும். யாரிடம் என்று தெரியாமல் அவள் பேரம் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் வாசலில் பைக் வந்து நின்றது.

"என்ன டீச்சர், கடையைச் சாத்தப் போறியளாம்லா? நாங்கல்லாம் இருக்கோம்லா."

அவள் சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு சிரிக்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது.

"உங்க பக்கத்து வீட்டு தானியேலும் ஒரு படி வாங்கினாரே அண்ணாச்சி. அவரைக் காணோமே?"

"அவன் கெடக்கான், ஏமாத்துக்காரப் பய. வெதையைப் பொங்கித் தின்னுருப்பான்."

அதற்கும் சிரித்தாள். ஆனால் தானியேலை அவளால் மன்னிக்க முடிந்ததில்லை. போன வருடமும் வாங்கினார், திருப்பவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் வருடம் நாற்பது பேர் வாங்கினார்கள். இருபது பேர் திருப்பினார்கள். இரண்டாம் வருடமும் நாற்பது பேர், இருபது பேர். உலகத்தில் பாதிப் பேர் ஏமாற்றுகிறார்கள், மீதிப் பாதி விதைக்கிறார்கள் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அந்தப் பாதியை நம்பித்தான், கணவர் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இங்கே கொண்டுவந்து போட்டாள்.

ஆறு மாதப் பயிர் டீச்சர், கால்வாயில் அதுவரைக்கும் தண்ணி நிக்காது என்று முதல் கூட்டத்திலேயே யாரோ சொன்னார்கள். அவள் அரை மணி நேரம் பதில் சொன்னாள். மண்ணைப் பற்றியும் பூச்சிமருந்தின் நஞ்சைப் பற்றியும் நாளைய பிள்ளைகளைப் பற்றியும். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து ஒரு படி வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவள் வேதியியல் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

வயல் பார்க்கவும் போயிருக்கிறாள். வரப்பில் நின்று வன்னியராஜ் கைகாட்டினார். அந்தா தெரியுதுல்லா, அதான் டீச்சர். பச்சையாக இருந்தது. படம் எடுத்துக்கொண்டாள்.

முறத்தை மெல்லத் தட்டினாள்.

நெல்லுக்குள்ளிருந்து ஒரு வசம்புத் துண்டு மேலே வந்தது. அதில் நீல நூல்.

பூச்சி அண்டாமலிருக்க ஒவ்வொரு பையிலும் போடுவதற்காக அவளே வீட்டில் உட்கார்ந்து நறுக்கிக் கட்டுவது. எந்த வருடத்துப் பை என்று தெரிவதற்காக வருடத்துக்கு ஒரு நிறம். நீலம் இந்த வருடம் கொடுத்தது.

விதைத்திருந்தால் இது இங்கே இருக்காது.

இன்னொரு தட்டு. இன்னொரு நீலம்.

ஒரு பைக்கு ஒரு துண்டுதான். அப்படியென்றால் இது இரண்டு பேருடைய பை. தானியேல் பொங்கித் தின்னவில்லை.

அவள் தலை நிமிரவில்லை. பாவம், கடையைச் சாத்துகிறாள் என்று கேள்விப்பட்டு, இந்த ஒரு மனிதர் செய்த இரக்கம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். இவர் ஒருவர். இந்த ஒரு வருடம்.

விரல் நெல்லுக்குள் போனது. மஞ்சள் நூல் வந்தது. அதற்கும் கீழே, கட்டிய முடிச்சு குலையாமல், சிவப்பு.

சிவப்பு முதல் வருடத்தது.

வாங்கிக் கொட்டுவதும் பைகளை நிரப்புவதும் போன வருடம்வரை கல்லூரிப் பெண்கள் செய்த வேலை. அவர்களில் சந்தனமாரி என்ற பெண் ஒருநாள் கேட்டாள். பழைய வசம்பு நெறையக் கெடக்கு டீச்சர், எடுத்துரட்டுமா? கிடக்கட்டும்மா, ரெண்டு இருந்தா நல்லதுதானே என்று இவள்தான் சொன்னாள். அந்தப் பெண் சற்று நேரம் இவளையே பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இருபது பேர், இரண்டிரண்டு படி. நாற்பது. கொடுத்ததும் நாற்பது.

ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை. விதைத்தவரும் ஒருவரும் இல்லை.

இந்த நெல்லை அவளுக்குக் கொடுத்த பெரியவர் அது விளைந்த வயலை மனைகளாக விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தும் விட்டார். மூன்று வருடம் மண்ணைப் பார்க்காத நெல் முளைக்காது. அது வேதியியல் டீச்சருக்கும் தெரியும்.

வன்னியராஜ் முறத்தைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். நாலு நாள் தாடியைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டார்.

"அடுத்த பிசானத்துக்கும் எனக்கு ஒரு படி எடுத்து வச்சிருங்க டீச்சர்" என்றார், பைய.

"வைக்கேன் அண்ணாச்சி."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். காலையில் ஜங்ஷனில் வாங்கிய பச்சை நூல்கண்டு, காகிதம் பிரிக்காமல் கிடந்தது. பிரித்து, ஒரு முழம் இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள்.