இடது கன்னம்

"அக்கா, இது நான் இல்லையே!"

கவரிலிருந்து உருவிய படத்தைக் கையில் பிடித்தபடி அவள் கவுன்ட்டர் முன்னால் நின்றாள். ஸ்டுடியோக்கார அக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நீயேதாம்மா. நேத்து சாயங்காலம் எடுத்த படம்தானே?"

"என் கன்னத்துல இருந்த மச்சம் எங்கே?"

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பருவோ, தழும்போ, கண்ணுக்குக் கீழே கருவளையமோ, யாரும் கேட்காமலேயே துடைத்துக் கொடுப்பது அவள் வழக்கம். அதற்குத் தனியாகக் காசும் வாங்க மாட்டாள். ஆனால் இது பிறவி மச்சம். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி, தாடை வரைக்கும் செம்பழுப்பாகப் படர்ந்தது. அதைத் துடைப்பது என்ன லேசுப்பட்ட வேலையா? காலையிலிருந்து டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இருந்த இடமே தெரியலை, பார்த்தியா?" என்றாள் பெருமையாக.

அந்தப் பெண் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். கோபமாக வந்தவள்தான். ஆனாலும் அந்த வழவழப்பான கன்னத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பல் மருத்துவமனை ஒன்றில் அவள் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க மாஸ்க் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவே அந்த வேலையைத் தேடிப் பிடித்தவள். மாஸ்க்கைக் கழற்றியதும் முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வாள். குரூப் போட்டோவில் எப்போதும் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம்தான் தெரியும்.

"இப்படிப் பிறந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும், இல்லக்கா?" என்றாள். குரல் உடைந்தது.

அக்கா பதறிப்போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அடடா, முதல்ல உட்காரு. அழறதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? ஆமா, எதுக்கும்மா படம்? சம்பந்தம் ஏதாவது கூடி வருதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"உறவு கூடி வர்ற மாதிரிதான் இருக்கு. இந்தப் படத்தைப் பார்த்துட்டுச் சரின்னு சொல்லணும்."

"அப்புறம் என்ன யோசனை? இதையே கொண்டுபோய்க் கொடு! முதல்ல படத்தைப் பார்த்துப் பிடிச்சுப் போகட்டும். நேர்ல உன் குணத்தைப் பார்த்தா மச்சமாவது, மண்ணாவது!"

"நேர்ல பார்க்கிறப்ப, ஏமாத்திட்டேன்னு தோணாதா?"

"ஊருல யார்தான் ஏமாத்தலை? இந்தத் தெருவுல பாதிக் கல்யாணம் என் கம்ப்யூட்டர்ல முடிஞ்சதுதான். வழுக்கைத் தலையில எல்லாம் முடி நட்டிருக்கேன் நான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் படத்தைக் கவருக்குள் போட்டு அக்காவிடம் நீட்டினாள்.

"மச்சத்தைத் திரும்ப வெச்சுக் கொடுங்கக்கா."

அக்கா கையைப் பிசைந்தாள். "அது மேலேயே சேவ் பண்ணிட்டேனே! பழைய படம் இல்லை. திரும்பத்தான் எடுக்கணும்."

"எடுங்க. இன்னைக்கே வேணும்."

உள்ளறையில் அவளை உட்கார வைத்துவிட்டு, அக்கா விளக்கை வலது பக்கமாக நகர்த்தினாள். அப்படி வைத்தால் இடது கன்னம் நிழலில் ஒதுங்கிவிடும். நேற்றும் அப்படித்தான் வைத்தாள்.

"விளக்கு இந்தப் பக்கம் வரட்டும்க்கா."

"நல்லா யோசிச்சுக்கோம்மா. வெளிச்சம் பட்டா அப்பட்டமாத் தெரியும்."

"தெரியட்டும்."

அவள் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் கிளிப் போட்டாள். கிளிப் இரண்டு முறை நழுவியது. "இந்தப் பக்கத்தை வெளிச்சத்துல எந்த கேமராவுக்கும் காட்டினதில்லக்கா."

"ஒருவேளை பிடிக்கலைன்னு சொல்லிட்டா?" அக்கா மெதுவாகத்தான் கேட்டாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"ரொம்ப நாள் அழுவேன். இது ஒண்ணுதான் இப்போ எனக்கு எல்லாமே. ஆனா இந்தக் கன்னத்தை மறைச்சு வாங்கற சம்மதம் எனக்கு வேணாம்க்கா."

அக்கா விளக்கை இடது பக்கமாக நகர்த்தினாள். கேமராவில் கண்ணை வைத்தாள்.

"சரி, சிரி. பல்லாஸ்பத்திரியில வேலை பார்க்கறவ பல்லைக் காட்டலைன்னா எப்படி?"

அவள் பொசுக்கென்று சிரித்தாள். கன்னம் மேலேற, மச்சமும் சேர்ந்து மேலேறிக் கண்ணோரத்தில் சுருங்கியது. அதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சிரிப்பு முழுசாக இருந்தது. இதையா காலையிலிருந்து உட்கார்ந்து துடைத்தோம் என்று அக்காவுக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

இந்த முறை எதையும் திருத்தாமல் அப்படியே பிரின்ட் போட்டாள். ஈரம் காயும்வரை ஃபேனுக்கு நேராகப் பிடித்திருந்து, புதுக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

"கேட்டுக்கோ. இந்தப் படத்தைப் பார்த்துட்டு மாப்பிள்ளை மட்டும் வேணாம்னு சொல்லட்டும், நேரா இங்கே கூட்டிட்டு வா. நான் பேசிக்கிறேன். ஆமா, அவருக்கு என்ன வயசு?"

"ஆறு நடக்குதுக்கா."

"ஆறா?" என்றாள் அக்கா.

"மாப்பிள்ளை இல்லக்கா, பொண்ணு. குழந்தைகள் காப்பகத்துல இருக்கா. அவ கன்னத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்துட்டு ரெண்டு குடும்பம் வேணாம்னு போயிடுச்சு. நாளைக்கு இந்தப் படத்தைக் காட்டி, 'இவங்க உனக்கு அம்மாவா வரட்டுமா?'ன்னு அவகிட்ட கேக்கப்போறாங்க."