உட்கார்ந்து பார்க்கும் நாள்

எங்கள் நாற்காலியில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

புது நூலகத்தின் வாசிப்புக் கூடம் அது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. அடுக்குகளில் பாதிதான் புத்தகம் ஏறியிருந்தது. சத்தத்தை உறிஞ்சும் கூரை என்று பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான், நடந்தாலும் இருமினாலும் சத்தமே எழவில்லை. குறட்டையை மட்டும் அந்தக் கூரை உறிஞ்ச மறுத்துவிட்டது.

நடுவே மூன்று மாதிரி நாற்காலிகள். கறுப்புத் தோல் போட்டது ஒன்று, வெள்ளை மரத்தில் ஒன்று, நீலத் துணி போட்டது ஒன்று. எது யார் செய்தது என்று தலைமை நூலகருக்கே தெரியாது. தெரியக் கூடாது என்பது அந்த அம்மாள் போட்ட சட்டம். வாசலில் காவலாளி வாங்கி வரிசையாக வைத்துவிடுவார். வாசகர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். செய்தவர்கள் சுவரோரமாக வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எது பிடிக்கிறதோ, கூடம் முழுக்க அதுதான்.

நீலம் எங்களுடையது. நாத்தனார் மரத்தை அறுத்து இழைப்பாள். மெத்தையும் துணியும் என் வேலை. இதற்கு முன் மூன்று இடங்களில் எங்கள் நாற்காலியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றிலும் ஒரே குறை: ரொம்ப சொகுசு, உட்கார்ந்தவர் தூங்கிவிடுவார். இங்கேயும் அதையே சொன்னால் பேசாமல் கட்டில் செய்யப் போய்விடலாம் என்று கிளம்பும்போதே நாத்தனார் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

காலையில் முதல் ஆளாக உள்ளே வந்தவர் இந்தக் குறட்டைக்காரர். சட்டை கசங்கிக் கிடந்தது. கறுப்பில் உட்கார்ந்தார், எழுந்தார். வெள்ளையை ஒரு பார்வையோடு விட்டுவிட்டார். நீலத்தை லேசாகச் சாய்த்து, குனிந்து அடியில் பார்த்தார், என்னத்தைத் தொலைத்தாரோ! பிறகு ஒரு புத்தகத்தோடு அதில் சாய்ந்தவர்தான். இரண்டு பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார்.

நீலத்தில் உட்கார வந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுக் கறுப்புக்குப் போனார்கள். கறுப்பு நாற்காலிக்காரர் என் பக்கத்தில் நின்று மீசைக்குள் சிரித்தார்.

நூலகக் குழுவில் ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"பாத்தீங்களா மேடம்? இது படிக்கிற நாற்காலி இல்ல, தொட்டில்."

தலைமை நூலகர் காதில் வாங்கவில்லை. நாற்காலி செய்தவர்களில் ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை என்பது அவர் கவலை. மூன்று நாற்காலிக்காரர்களும் இருந்தால்தான் முடிவு. போனில் எண்ணை அழுத்துவதும் காதில் வைப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, ஆள எழுப்பிடட்டுமா?"

"நாம கிட்டயே போகக் கூடாது. சும்மா இரு."

சும்மா இருப்பவளா அவள்? அடுக்கில் இருப்பதிலேயே தடியான புத்தகமாகப் பார்த்து உருவினாள். அந்தப் பக்கமாக நடந்தாள். கைதவறியதுபோல் அவர் காலடியில் தொப்பென்று போட்டாள்.

குறட்டைக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. புரண்டு, கன்னத்தை நாற்காலியின் பக்கச் சாய்வில் புதைத்துக்கொண்டு, முன்பைவிட நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

அந்தச் சாய்வு சரியாக அமைவதற்கு எத்தனை தடவை ஃபோமை வெட்டினேன், ஒட்டினேன், பிய்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆர்டர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. வெட்கங்கெட்ட பெருமை!

"சரி, இன்னும் ஒரே ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கறேன். எடுக்கலன்னா அவரில்லாமலே முடிச்சிடலாம்."

சொல்லிக்கொண்டே தலைமை நூலகர் கூடத்துக்குள் வந்தார். நீல நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று எண்ணை அழுத்தினார்.

குறட்டைக்காரரின் சட்டைப் பை உர்ரென்று அதிர்ந்தது.

தலைமை நூலகர் தன் போனைப் பார்த்தார். அந்தச் சட்டைப் பையைப் பார்த்தார். அழைப்பைத் துண்டித்தார். அதிர்வு நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் உர்.

குறட்டைக்காரர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வெள்ளை நாற்காலியை வாசலில் கொடுத்துவிட்டு, நேரம் இருக்கிறதே என்று வாசகர்களோடு வாசகராக உள்ளே வந்திருக்கிறார். இரவெல்லாம் வண்டி ஓட்டிய அலுப்பு. மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சும்மா உட்கார்ந்து பார்க்கலாமே என்று... அவர் சொல்லி முடிப்பதற்குள் கூடமே சிரித்தது. அதையும் அந்தக் கூரையால் உறிஞ்ச முடியவில்லை.

"எப்படியோ, தூங்க வெச்சிடுச்சில்ல?" என்றார் கண்ணாடிக்காரர், விடாமல்.

"தூக்கம் அவரே கொண்டு வந்ததுங்க," என்றார் தலைமை நூலகர். பிறகு குறட்டைக்காரர் பக்கம் திரும்பினார். "ஏங்க, அவ்ளோ அசதின்னா நீங்க செஞ்சதுலயே சாஞ்சிருக்கலாமே?"

அவர் வெள்ளை நாற்காலியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அதுல முதுகு வலிக்கும் மேடம்."

நாத்தனார் கிள்ளிய கிள்ளில் நான் "ஆ" என்று கத்திவிட்டேன். கண்ணாடிக்காரர் மட்டும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. யாரும் பார்க்காத மாதிரி நகர்ந்து போய், இன்னும் சூடு ஆறாத நீல நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

வெகுநேரம் அவர் எழுந்திருக்கக் காணோம்.