தளபதியின் தொப்பி

"அண்ணி, முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எந்தத் தளபதி தொப்பிக்குள்ள வெள்ளைத் துணி வச்சிருந்தான்? கறுப்புப் பட்டு வச்சுத் தைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

கேட்டவருக்கு அந்தக் குடியிருப்பில் பட்டப்பெயர் 'சரித்திரம்'. ஆண்டு விழா நாடகத்துக்குக் கதை, வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. பெரிய மனசு பண்ணி அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தது திரை இழுக்கிற வேலையை மட்டும்தான்.

கடையில் வாங்கிய வட்டத் தொப்பியைத் தளபதியின் முக்கோணத் தொப்பியாக்குவது அவருடைய அண்ணியின் பொறுப்பு. கெட்டில் ஆவியில் விளிம்பை இளக்கி, மூன்று பக்கமும் மடித்துத் தைத்து, ஓரத்தில் ஜரிகை நாடா ஓட்டியிருந்தார். இறகுப்பந்திலிருந்து பிடுங்கிய இறகுகூடக் கம்பீரமாகத்தான் நின்றது. சரித்திரத்தின் கண்ணில் பட்டது அந்த வெள்ளைத் துணி மட்டும்.

இன்னொரு புகாரும் உண்டு. அண்ணி ஒத்திகைக்கு ஊசி நூலோடு வருவார். ஒரு தையல்கூடப் போடாமல் வசனத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேடிக்கை பார்ப்பதற்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று சரித்திரம் எல்லார் எதிரிலும் குத்திக் காட்டினார். நியாயமான கோபம்தானே! அண்ணிக்கு முகம் சுண்டிப்போனது.

போன வருஷம் மூன்றாவது காட்சியில் வசனம் மறந்து மரமாக நின்றவர் சரித்திரம். இந்த வருஷமும் அப்படியானால் நாடகத்துக்கு மங்களம் பாடிவிட்டு, மேடையைப் பாட்டுக் கச்சேரிக்குக் கொடுத்துவிடுவதாகச் சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். ஒத்திகையிலும் மூன்றாவது காட்சி வந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. பழியை விளக்கு வெளிச்சத்தின்மேல் போட்டார்.

நாடகத்தன்று திரை தூக்கும் நேரத்தில்தான் அண்ணி தொப்பியோடு வந்தார். சரித்திரம் திட்ட வாயெடுப்பதற்குள் தலையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது காட்சி. இறந்துபோன வீரனின் தாய் முன்னால் தளபதி தொப்பியைக் கழற்றி நெஞ்சருகே பிடித்தார். வாய் திறந்தது, வசனம் வரவில்லை. முன்வரிசையில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தளபதி தலை குனிந்தார். குனிந்த தலை நிமிராமல், துக்கம் தொண்டையை அடைக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார் பாருங்கள், அரங்கமே மூக்கைச் சிந்தியது.

சிறந்த நடிகர் கேடயம் அவருக்கே. நன்றியுரையில் தன் ஞாபகசக்தியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். குறை என்று பார்த்தால் அந்தத் தொப்பி ஒன்றுதான், அது சரித்திரப்படி இல்லை என்று முடித்தார். அண்ணியும் கை தட்டினார்.

மறுநாள் காலை தொப்பியும் கையுமாகச் சரித்திரம் அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, அடுத்த வருஷமும் உள்ளே வெள்ளைத் துணியே இருக்கட்டும். வசனத்தை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க. கண்ணாடி இல்லாம படிக்க ரொம்பக் கஷ்டமாப் போச்சு."