கதவில்லாத கார்

பந்தயக் காருக்குக் கதவு கிடையாது. தீப்பிடித்தால் மேலே எழுந்துதான் வெளியே குதிக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் குதித்துக் காட்டினால்தான் இந்த வருடமும் ஓட்ட விடுவார்கள்.

மூன்று முறை உலக சாம்பியனான அவர், நாற்பத்து நான்கு வயதில், புது அணியின் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா சார்?" சோதிக்க வந்த அதிகாரி ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

பெல்ட்டைக் கழற்றுவதற்குள் சாம்பியனுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்கைக் கழற்றி வெளியே வைத்தார். எழுந்தார். முழங்கால் மடங்கி, தொப்பென்று மறுபடி உட்கார்ந்தார்.

மெக்கானிக்குகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலியோரம் அவர் மனைவி கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக அவர் தரையில் இறங்கியபோது நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

அதிகாரி வாட்சைப் பார்த்தார். சட்டென்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பாஸ்!"

அணி முழுவதும் கைதட்டியது. அதிகாரி சாம்பியனின் காதருகே குனிந்தார். "பள்ளிக்கூட நாள்லேர்ந்து உங்க ரசிகன் சார். நான் இருக்கிற வரைக்கும் உங்களை யாரும் வெளிய அனுப்ப முடியாது."

மனைவி பதறி ஓடிவந்து, யாருக்கும் கேட்காமல் கிசுகிசுத்தாள்.

"என்னங்க இது? ஓட்டப் பயமா இருக்குன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, ஒரு மாசமா குளியல் தொட்டியில உக்காந்து மெதுவா எந்திரிக்கப் பழகினீங்களே!"

"இதைவிட மெதுவான்னா உள்ளேயே படுத்துத் தூங்கத்தான் வேணும்," என்றார் அவர்.

பின்னாலிருந்து மெக்கானிக் உற்சாகமாகக் கூப்பிட்டான்.

"ஏறுங்க சார், பெல்ட்டை நல்லா இறுக்கிப் பாத்துடலாம்!"