ராணிக்கு ஓர் ஆள்

ஒத்திகை அறையில் ராணி வேஷத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்காகத் தூதனின் வசனத்தைப் படித்துக்கொண்டிருந்தாள் நாடகக் குழுவின் நடிகை. காலையிலிருந்து ஒருத்தியும் தேறவில்லை.

கடைசியாக, தையற்கடையிலிருந்து நேராக ஒரு பெண் வந்தாள். உடுப்பெல்லாம் நூல் பிசிறு.

"அரசியாரே, இளவரசர் போரில் மாண்டார்," என்று நடிகை படித்தாள்.

தையற்காரி அழவில்லை. நடிகையையே பார்த்து, ராணியின் வரியை மெல்லச் சொன்னாள்: "சாப்பிட்டுத்தானே போனான்?"

நடிகைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையிலிருந்த வசனத்தாளை மடித்து வைத்தாள்.

தையற்காரியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "சார், இவங்கதான் ராணி."

"யோசிச்சுப் பேசும்மா. உனக்கு முடியாத நாள்ல மேடையேற ஒரு மாற்று ஆள்தானே தேடுறோம்? ராணி நீதானே!"

"இன்னிக்குக் காலை வரைக்கும் நான்தான் சார். அந்த வரியை நான் கதறித்தான் சொல்லிட்டிருந்தேன். இப்படியும் சொல்லலாம்னு இப்பதானே தெரியுது!"

"அப்ப உனக்கு என்ன வேஷம் குடுக்குறது?"

"வேஷமே வேணாம். இனிமே ஆள் எடுக்குற வேலையை எனக்குக் குடுங்க. இப்படி ஒண்ணை முதல்ல பார்க்குற பாக்கியம் வேற யாருக்கு சார் கிடைக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல், ராணியை அழைத்துவர எழுந்து ஓடினாள்.