தர்சோனோவின் ஒற்றை நட்சத்திரம்

சந்து முனையில் வண்டியை நிறுத்திய சிகித், திரும்பிப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி முர்னி, மடியில் ஒரு மிளகாய்ச் சம்பல் பாட்டிலை இறுகப் பிடித்திருந்தாள். அவள் அரைப்பதிலேயே அதிகக் காரமானது அது.

"பாக் தர்சோனோ வயசான மனுஷன். பார்த்துப் பேசு."

"நான் பேசிக்கறேன், மாஸ். நீங்க வண்டியை நிழல்ல விடுங்க."

பெரியவர்களைப் ‘பாக்’ என்றும் கணவனை ‘மாஸ்’ என்றும் கூப்பிடுவது அவர்கள் ஊர் மரியாதை. அவள் குரல் மெதுவாக, மிக மரியாதையாக இருந்தது. சிகித்துக்கு அதுதான் பயம். முர்னி கத்தினால் கோபம் கால்வாசி. குரல் இறங்கினால் முழுக் கோபம்.

நூல் ஆலை வேலையை விட்டுவிட்டு, சம்பல் அரைத்து இணையத்தில் விற்கத் தொடங்கியவள் அவள். மிளகாய் இடிக்க இரண்டு பெண்களை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தது. நோன்புப் பெருநாள் வந்து போனது. அதோடு ஆர்டர் படுத்துவிட்டது. ஆலையில் பழைய இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம். வருவதாக இருந்தால் திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

அதற்குள் எப்படியாவது தூக்கி நிறுத்திவிடலாம் என்று, இணைய விளம்பரம் கற்றுத்தரும் விந்தாவின் வகுப்பில் முர்னி சேர்ந்தாள். துணைக்குப் போன சிகித்தும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டான். பாட்டிலை வாழையிலை மேல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னாள் விந்தா. மெல்லிய இசையோடு சின்னச் சின்ன வீடியோ போடச் சொன்னாள். எல்லாம் செய்தார்கள். வாழையிலை அழகாக இருக்கிறது என்று நிறையப் பேர் எழுதினார்கள். சம்பலை யாரும் கேட்கவில்லை.

பெருநாள் செலவில் எல்லோர் கையும் காய்ந்திருக்கும், பொறுங்கள் என்றாள் விந்தா. வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் மற்றவர்கள் எழுதிய கருத்தைத்தான் பார்ப்பார்கள் என்றும், ஒரு மோசமான கருத்து பத்துப் பேரை விரட்டிவிடும் என்றும் அவள் சொன்னபோது, சிகித்துக்கு உடனே தர்சோனோவின் ஞாபகம் வந்தது.

தர்சோனோ மாதம் தவறாமல் வாங்குவார். வாங்கி, கடைப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதுவார். "கரண்டி நுனியால் தொட்டேன். காதுக்குள் விசில் அடித்தது. நான் அழுத அழுகையைக் கேட்டு, யார் செத்துப் போனது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். இதை அரைத்தவளுக்கு இரக்கமே கிடையாது." இப்படி ஒன்றல்ல, ஒரு சரமே எழுதியிருந்தார்.

இவ்வளவு திட்டுகிறவர் எதற்குத் திரும்பத் திரும்ப வாங்குகிறார் என்று சிகித் ஒருமுறை கேட்டான். அவர் நாக்கைக் கேளுங்கள் என்று முர்னி சிரித்தாள். அது சிரிக்க முடிந்த காலம்.

இன்று காலை, கைப்பேசியில் கடைப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எல்லாம் அந்த ஆளால வந்தது, மாஸ்," என்றாள். பார்சல் முகவரியைத் தேடி எடுத்து, வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.

கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவர் முகம் வெளுத்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பெருநாளுக்குச் சுட்டதில் மிச்சமிருந்த அன்னாசி பிஸ்கட்டை முன்னால் தள்ளினார். சாப்பாட்டு மேசையில் முர்னியின் சம்பல் பாட்டில், பாதி காலியாக, கரண்டி சொருகியபடி இருந்தது.

முர்னி வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நானே உங்க வீடு தேடி வந்திருக்கணும்மா. நோன்பு மாசத்துல உக்காந்து யோசிச்சேன். உழைச்சுப் பிழைக்கிற பொண்ணோட சோத்துல மண்ணைப் போடறோமேன்னு உறுத்திச்சு. பெருநாளுக்கு முந்தியே எழுதினதையெல்லாம் அழிச்சுட்டேன். ஒண்ணு பாக்கி இல்ல."

பிறகு, வெளியே தெரியச் செய்த பிழைக்கும் மனதுக்குள் நினைத்த பிழைக்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும் என்று, அந்த மாதத்தில் எல்லோரும் சொல்வதைச் சொல்லி, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

பெருநாள் மாதத்தில் அப்படி நீட்டிய கையை யாரும் மறுப்பதில்லை. வருடம் முழுக்க முகம் பார்க்காதவர்கள்கூட அப்போது தொட்டுவிட்டுத்தான் போவார்கள். சிகித் முந்திக்கொண்டு தன் கையைக் கொடுத்தான். அப்பாடா, சண்டை இல்லாமல் முடிந்தது என்று அவனுக்கு மூச்சு வந்தது.

பெரியவர் முர்னியின் பக்கம் திரும்பினார். அவள் கையை நீட்டவில்லை.

சிகித் அவள் முழங்கையை மெல்ல இடித்தான். அவள் அசையவில்லை. தர்சோனோவின் கைகள் நீட்டியபடியே நின்றன. வெட்கத்தில் சிகித்துக்குக் கழுத்து வரை சுட்டது.

"இன்னும் கோவம் தீரலியாம்மா? நான் வேற என்ன செய்யணும், சொல்லுங்க."

முர்னியின் குரல் இன்னும் இறங்கியது.

"நீங்க அழுததைப் படிச்சுட்டுத்தான் பாக், ஜனங்க வாங்கினாங்க. திரும்பத் திட்டி எழுதுங்க, மன்னிக்கிறேன்."