பதினேழாம் நாள்

என் மனைவி குளோரியா சொல்லும் அந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் சொன்னதும் இல்லை.

கதை இதுதான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, அவளுக்கு இருபத்தொரு வயது. சர்ச் நாடகங்களில் நன்றாக நடிப்பாள். கல்குவாரியில் வேலை செய்யும் கருப்பான பெண்தான் கதாநாயகி என்று ஒரு படம் எடுத்தார்கள். எங்கள் சர்ச்சுக்கு வரும் மேக்கப்மேன் கிளாரன்ஸ் அவளை அழைத்துப் போனார். லைட் முன்னால் நிறுத்திப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் கேமராவுக்கு ஆகாது" என்று அன்றைக்கே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

இதைக் கேட்காதவர்கள் எங்கள் சர்ச்சில் இல்லை. பாதிப் பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளாரன்ஸைக் கூப்பிடுவதில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் குளோரியா எல்லோரையும் பார்த்துக் கைகூப்புவாள். அவர் இருக்கும் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள்.

அந்தப் படத்தை ஒருநாள் டிவியில் பார்த்தேன். நடித்தது பம்பாயிலிருந்து வந்த வெள்ளைவெளேர் நடிகை. தினமும் உடம்பெல்லாம் கருப்பு பூசிக்கொண்டு நடித்தாராம். அந்தத் துணிச்சலுக்கு விருது வேறு.

கருப்புதான் வேண்டுமென்றால், குளோரியாவைக் கருப்பென்று ஏன் அனுப்பினார்கள்? கேட்கலாமென்று திரும்பினேன். அவள் சேனலை மாற்றிவிட்டாள்.

போன மாதம் எங்கள் மகள் சிந்தியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்படியே அம்மாவின் நிறம். பார்லரில் ட்ரையல் மேக்கப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றாள்.

"டாடி, கழுத்து வரைக்கும் நான். அதுக்கு மேல யாரு?"

"மூணு ஷேட் ஏத்திட்டாளா?"

"அஞ்சு! வேணாம்னா கேட்டாத்தானே. 'போட்டோல சக்கத்தா, சூப்பரா வரும் மேடம்'னு சொல்லிட்டே அப்புறா. எனக்கு என் மூஞ்சிதான் வேணும் டாடி. கிளாரன்ஸ் அங்கிளைக் கூப்பிடுங்க. நம்ம கலரை நம்ம கலராவே போடத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

குளோரியா சமையலறையிலிருந்து வந்தாள்.

"அந்த ஆள் கை என் பொண்ணு மூஞ்சில படக்கூடாது."

"மம்மி, அது எப்பவோ நடந்தது!"

"உனக்கு நடந்திருந்தாத் தெரியும்."

வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள். பள்ளிக்கூட நாளில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, பிறை மாதிரி இருக்கும். கோபம் வந்தால் அதைத்தான் தேய்ப்பாள்.

அன்று ராத்திரி சிந்தியா சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஒக்கலிபுரத்தில் இருக்கும் கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனேன்.

"வேண்டாம் ஆம்ப்ரோஸ் சார்" என்றார் கிளாரன்ஸ். "உங்க மிஸஸுக்குப் பிடிக்காது. கல்யாண வீட்ல சண்டை எதுக்கு?"

"பொண்ணு அழறா."

"நான் வரலை. கலரை மட்டும் கலக்கிக் குடுக்கறேன். வேற யாராவது போட்டு விடட்டும். அந்தக் கலர் எனக்குக் கண்ணை மூடிக்கிட்டே வரும்."

பழைய மேக்கப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் மங்கிப்போன ஒரு போட்டோ ஒட்டியிருந்தது.

அந்த நடிகைதான். பாதி முகத்துக்குக் கருப்பு பூசியிருந்தது, மீதிப் பாதி வெள்ளையாகவே இருந்தது. அவள் கன்னத்தை ஒட்டி ஒரு கை நீண்டிருந்தது. பூசிய பாதியும் அந்தக் கையும் ஒரே நிறம். கைக்குச் சொந்தக்காரியின் முகம் படத்தில் விழவில்லை. கீழே பேனாவில், 'பதினேழாம் நாள்'.

"இது யார் கை?"

"அதுவா? கலர் பார்க்க சார். தினமும் ஒரே மாதிரி வரணுமில்ல? பக்கத்துல ஒரு பொண்ணை உட்கார வச்சு, கையை நீட்டச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்துப் பூசுவோம்."

"எந்தப் பொண்ணு?"

"யாரோ... கூலிக்கு வந்த பொண்ணு. பேரெல்லாம் ஞாபகமில்லை."

அந்த மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது.

"கிளாரன்ஸ், குளோரியாவை நீங்க..."

"முதல் நாளே அனுப்பிட்டேன் சார்." பெட்டியை மூடினார். "இந்தக் கலர் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். உங்க மிஸஸ் சொல்றதுதான் நிஜம். அது அப்படியே இருக்கட்டும்."

இருபத்தைந்து வருஷமாக ஊர்ப் பழியைச் சுமக்கிறவர், இன்னும் சுமக்கத் தயாராக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது என் ஞாபகமெல்லாம் வேறொரு நாளுக்குப் போயிற்று. குளோரியாவைப் பெண் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுப் படியிறங்கும்போது, "கலர் கொஞ்சம் கம்மிதான்" என்றாள் என் அம்மா. "பரவாயில்லை" என்றேன் நான். பெரிய மனசு என்று அன்றைக்கு என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாளா?

'பரவாயில்லை' என்று சொல்லிக் கட்டிக்கொண்டவனிடம் எந்தப் பெண்தான் இதைச் சொல்வாள்? கருப்பென்று துரத்திவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கருப்புக்காகவே உட்கார வைத்திருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் குளோரியா கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எங்கங்க போயிட்டீங்க சொல்லாம?"

கேட்கக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, பேனா பிடித்திருந்த அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அத்தனை நாளும் நீட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தியே குளோரியா... கை வலிக்கலையா?"